சாணை பிடிக்கக் கொடுத்த கத்தி நீலம் பாய்ந்து வந்தது

எட்டு வருஷமாக என் கையில் இருந்த கத்தி அது. கார்பன் எஃகு, 20 சென்டிமீட்டர் அலகு. இத்தனை வருஷமும் ஹோனிங் ராடில், அதாவது கத்தியை உரசும் உருண்டைக் கோலில், நாலு இழுப்பு இழுத்தே ஓட்டிவிட்டேன். ஆனால் அந்தக் கோல் மடங்கிய வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, நிமிர்த்துமே தவிர, தேய்ந்துபோன கூரைத் திரும்பத் தராது. ஒரு கட்டத்தில் தக்காளித் தோலில் கத்தி வழுக்க ஆரம்பித்ததும், 'எல்லாக் கத்திக்கும் சாணை' என்று பலகை வைத்திருந்த கடையில் கொடுத்தேன்.

ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. மின்மோட்டாரில் சுற்றும் கல், தண்ணீர் கிடையாது, பொறி பறந்தது. கையில் வாங்கியபோது முழங்கை மயிரைச் சிரைக்கிற அளவுக்குக் கூர். சந்தோஷமாகக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

நாலாவது நாள் பழையபடி மழுங்கிவிட்டது. அன்றைக்குத்தான் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். நுனியை ஒட்டி, வாயோரமாக மூன்று விரல் நீளத்துக்கு வைக்கோல் நிறம், அடுத்து ஊதா, அதற்கப்புறம் நீலம்.

கடைக்காரரிடம் காட்டினேன். "கார்பன் கத்தி என்றால் கறுக்கத்தான் செய்யும்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். கார்பன் எஃகு வெங்காயச் சாற்றிலும் எலுமிச்சைப் புளிப்பிலும் நாளாக ஆக நிறம் மாறும், உண்மைதான். அது அலகு முழுக்கச் சாம்பலும் நீலமுமாகத் திட்டுத் திட்டாகப் படரும். என் கத்தியில் இருந்ததோ, புதிதாகத் தேய்த்துப் பளபளத்த இடத்தில் வாயை ஒட்டி ஓடிய வண்ணப் பட்டை. அது சூடு பட்ட அடையாளம்.

இதுமாதிரி கடினமான கத்தியைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்துக் கெட்டிப்படுத்திய பிறகு, ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸுக்குள் சூடாக்கிப் பதம் வைப்பார்கள். எஃகில் நீலம் தெரிகிறது என்றால் சூடு 300 டிகிரியைத் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். பதம் போய்விடும், இரும்பு மிருதுவாகிவிடும். வாய் காகிதத்தைவிட மெல்லியது, உலர்ந்த கல்லில் ஒரே இடத்தில் ஒரு நொடி அழுத்தினால் போதும். அதன்பிறகு எவ்வளவு கூராகத் தீட்டினாலும் நிற்காது.

இன்னொன்றும் நடந்திருந்தது. பிடியை ஒட்டிய பகுதியில் அதிகமாகத் தேய்த்துப் பள்ளமாக்கிவிட்டார். பலகையில் வாயை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் இடுக்கு வழியாக வெளிச்சம் தெரிந்தது. வெங்காயம் நறுக்கினால் அடியில் துண்டாகாமல் சங்கிலி மாதிரி தொங்கியது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். தரவில்லை. "உங்கள் எஃகே சரியில்லை, இதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வேறொரு கத்தியைக் காட்டினார். அலகு முழுக்க அலையலையாக டமாஸ்கஸ் கோலம், அதாவது வெவ்வேறு எஃகை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த அலகில் தெரியும் வரிகள். 67 அடுக்கு, நடுவில் விஜி-10 எஃகு என்றார். காந்தத்தை ஒட்டிக் காட்டி, அசல் எஃகு என்று சத்தியம் செய்தார். சமையல் இல்லாமல் இருக்க முடியுமா, வாங்கிவிட்டேன்.

இரண்டே வாரத்தில், தேய்த்துக் கழுவுகிற நாரிலேயே கோலம் மங்கத் தொடங்கியது. அப்போதுதான் கவனித்தேன்: வலப்பக்கக் கோலமும் இடப்பக்கக் கோலமும் ஒன்றேதான், வளைவு வளைவாக ஒத்துப்போனது. நிஜ அடுக்கு எஃகில் அப்படி அமையாது. அதோடு, நடு எஃகு வெளியே தெரிகிற வாயோரத்தில் கோலமே இல்லாத ஒரு பட்டை இருக்க வேண்டும், அது அடுக்குகளைச் சந்திக்கிற கோடு ஒழுங்கில்லாமல் நெளியும். என்னுடையதில் கோலம் வாய்வரை ஓடியது. மேலே பொறித்த படம், அவ்வளவுதான். காந்தம் எதையும் நிரூபிக்காது. நல்ல கத்தி எஃகும் ஒட்டும், மட்டமானதும் ஒட்டும்.

விஜி-10 என்பது சுமார் 1 சதவீதம் கார்பன் உள்ள எஃகு. எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 60 ஒட்டிய கடினம்; எண் கூடக் கூடக் கடினம் அதிகம். 1.4116 என்று குறித்திருக்கும் ஜெர்மன் வகையில் கார்பன் அரை சதவீதம், கடினம் 55-57. அதுவும் நல்ல கத்திதான், சீக்கிரம் தீட்ட வேண்டிவரும், ஆனால் சுலபமாகத் தீட்டலாம். 3சிஆர்13 என்றிருந்தால் கார்பன் வெறும் 0.3 சதவீதம், கூர் நிற்காது. எஃகின் பெயரும் கடின எண்ணும் எங்கேயும் எழுதாமல் அடுக்கையும் கோலத்தையும் மட்டும் பேசுகிற கத்தியை நான் இனி தொடமாட்டேன்.

பழைய கத்தியை நானே மீட்டேன். 400 கிரிட் கரடுமுரடான கல் ஒன்று, 1000 கிரிட் நயமான கல் ஒன்று வாங்கி, நீலம் பாய்ந்த இரும்பு முழுக்கப் போகும்வரை மூன்று மாலை தேய்த்தேன். அலகில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் போயிற்று, மனசு வலித்தது. கோணம் பக்கத்துக்கு 15 டிகிரி. அது பிடிபட மார்க்கர் பேனா உதவியது: வாயோரம் மை பூசி இரண்டு இழுப்பு இழுத்தால், மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கத்தில் நகத்தில் தட்டுப்படுகிற மாதிரி பிசிறு வரும். வாய் முழுக்க அது வந்த பிறகுதான் திருப்ப வேண்டும். கடைசியில் அழுத்தமே இல்லாமல் மாற்றி மாற்றி நாலைந்து இழுப்பு, பிசிறு போய்விடும்.

கடையில்தான் கொடுப்பது என்றால் தண்ணீர் விட்டுத் தேய்க்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். ஒரு சாதாரணக் கத்தியைக் கொடுத்துப் பாருங்கள். காசு கொடுக்குமுன் அங்கேயே ஏதாவது ஒரு தட்டையான பரப்பில் வாயை வைத்து வெளிச்சம் பாருங்கள்.

ஏற்கனவே கொடுத்து வாங்கியிருந்தால் இன்றைக்கே விளக்கடியில் பாருங்கள். நீலம் நூலளவுதான் என்றால் கத்தியைத் தூக்கிப் போட வேண்டாம். கல்லில் நாலைந்து முறை தீட்டுவதற்குள் அந்த இரும்பு தேய்ந்துபோய், உள்ளே பதம் கெடாத எஃகு வந்துவிடும்.