வயலோரத்தில் மூன்று குடில்கள்: ஒரு கவுன்சிலின் முன்விண்ணப்ப ஆலோசனைச் சேவை பற்றிய மதிப்புரை

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள கிராமப்புறக் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) ஒன்று, நிலத்தில் கட்டவோ அதன் பயன்பாட்டை மாற்றவோ தேவைப்படும் திட்ட அனுமதிக்கு முறைப்படி விண்ணப்பிப்பதற்கு முன்பே கட்டணம் பெற்றுக்கொண்டு வழங்கும் ஆலோசனைச் சேவையைப் பற்றியது இம்மதிப்புரை. நண்பர் குடும்பத்துடன் சேர்ந்து வாங்கிய புல்வெளியின் ஓர் ஓரத்தில், ஷெப்பர்ட்ஸ் ஹட் எனப்படும் சக்கரம் பொருத்திய மரக்குடில்கள் மூன்றை நிறுத்தி, ஆண்டு முழுவதும் விடுமுறைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதே எங்கள் எண்ணம். ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். நிலத்தை நேரில் பார்த்து அலுவலர் சொன்ன கருத்துக்கே இந்த மூன்றும் உரியவை. சட்ட விதிகளைத் தெரிந்துகொள்வதற்காக மட்டும் இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

விதிகளை எவரும் இலவசமாகவே படித்துக்கொள்ளலாம். 2023 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள ஏற்பாட்டின்படி, கூடாரங்களும் மோட்டார்ஹோம்களும் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள மோட்டார் வண்டிகள்) மட்டும் தங்குவதாக இருந்தால், ஒரு நாட்காட்டி ஆண்டில் 60 நாட்கள் வரை, கூடாரமோ வண்டியோ நிறுத்த 50 இடங்கள் வரை, திட்ட அனுமதிக்கு விண்ணப்பிக்காமலேயே நிலத்தைப் பயன்படுத்தலாம். கழிப்பறைக்கும் கழிவகற்றலுக்கும் வசதி செய்து, ஒவ்வோர் ஆண்டும் தேதிகளையும் வரைபடத்தையும் கவுன்சிலுக்கு எழுத்தில் முன்னதாகத் தெரிவித்துவிட வேண்டும். வெள்ள அபாயப் பகுதியாக இருந்தால் முன் ஒப்புதல் தேவை. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் வளாகம், அறிவியல் சிறப்புடைய இயற்கைப் பகுதி போன்ற சில இடங்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது. கோடையில் மட்டும் நான்கைந்து பெல் டென்ட் (மணி வடிவக் கூடாரம்) போட நினைப்பவருக்கு இந்த ஆலோசனைச் சேவை தேவையே இல்லை என்று துணிந்து சொல்வேன்.

மரக்குடிலின் கதை வேறு. இழுத்தோ ஏற்றியோ முழுதாக வேறிடம் கொண்டுசெல்லக் கூடியதாகவும், நீளம் 20 மீட்டர், அகலம் 6.8 மீட்டர், உட்புற உயரம் 3.05 மீட்டர் என்ற வரம்புகளுக்குள்ளும் இருந்தால், சட்டத்தின் பார்வையில் அது கேரவன், அதாவது இடம்பெயர்க்கக்கூடிய தங்குமிடம். இழுத்துச் செல்லும் கேரவனுக்கு 60 நாள் சலுகை பொருந்தாது. அதே வேளையில் அதைக் கொண்டுவந்து நிறுத்துவது பொதுவாகக் கட்டுமானமாகக் கருதப்படாமல் நிலத்தின் பயன்பாட்டு மாற்றமாகவே கருதப்படுவதால், விண்ணப்பமும் அந்த வகையிலேயே அமைகிறது.

இனி, பணம் கொடுத்துப் பெற்றது. அலுவலர் வயலுக்கு வந்தார். மேட்டில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தார். பொதுப்பாதையில் நடந்து எதிர்ப்பக்கத்திலிருந்தும் பார்த்தார். நல்ல காட்சி கிடைக்கிறது என்பதற்காக நாங்கள் தேர்ந்திருந்த மேட்டுப் பகுதியை அவர் உடனே நிராகரித்தார். அங்கிருந்து ஊரெல்லாம் தெரிகிறது என்றால், ஊரெல்லாம் அங்கிருப்பதைப் பார்க்கும் என்பது அவர் தந்த விளக்கம். தாழ்ந்த மூலையில், பழைய வேலிப்புதரை ஒட்டிக் குடில்களை நிறுத்தினால் வானவிளிம்புக்கு மேல் அவை துருத்தித் தெரியாது என்றும், வெளிவிளக்குகளைத் தவிர்த்து மங்கலான நிறம் பூசினால் நிலக்காட்சி சார்ந்த எதிர்ப்பு பெரிதும் குறையும் என்றும் சொன்னார்.

சாலை பற்றிய அறிவுரை இன்னும் பயனுள்ளதாக இருந்தது. எங்கள் வாசல் திறப்பது மணிக்கு 60 மைல் வேக வரம்புள்ள, ஒரு வண்டி மட்டுமே செல்லும் அகலமுள்ள சாலையில். அந்த வேகத்துக்குரிய அளவுகோலின்படி, வாசலிலிருந்து இருபுறமும் 215 மீட்டர் தொலைவு தெரிய வேண்டும். அதற்காக வேலிப்புதரை வெட்டினால், குடில்கள் செய்யும் சேதத்தைவிட அந்த வெட்டு செய்யும் சேதமே அதிகமாகிவிடும். வளைந்து வளைந்து செல்லும் அச்சாலையில் எவரும் அந்த வேகத்தில் ஓட்டுவதில்லை என்பதால், வாகனங்களின் உண்மையான வேகத்தை அளந்து, அந்த அளவீட்டின் அடிப்படையில் குறைந்த தொலைவைக் கோரும்படி அவர் அறிவுறுத்தினார். இந்த ஒரு யோசனைக்கே கட்டணம் தகும்.

குறைகளும் உண்டு. எங்கள் நிலத்து நீர் வடியும் ஆறு, ஊட்டச்சத்துச் சமநிலை விதிக்கு (ஆற்றில் ஊட்டச்சத்து மாசு கூடக்கூடாது என்ற விதிக்கு) உட்பட்ட வடிநிலத்தில் இருக்கிறது. இரவில் தங்கும் எவருடைய கழிவும் ஆற்றில் பாஸ்பரஸைக் கூட்டக்கூடும் என்பதால், சுற்றுலாக் குடில்களும் இவ்விதியிலிருந்து தப்புவதில்லை. கூடும் அளவை வேறு வழியில் ஈடுசெய்வதாகக் காட்டினால்தான் அனுமதி கிடைக்கும். திட்டத்தையே கவிழ்க்கக்கூடிய இவ்விஷயத்துக்கு எழுத்துப்பூர்வ பதிலில் கிடைத்தது ஒரே வரி, அதுவும் வழிகாட்டி ஆவணம் ஒன்றின் இணைப்பு. உயிர்ப்பன்மையை 10 சதவீதம் உயர்த்திக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை 2024 ஏப்ரலில் சிறு திட்டங்களுக்கும் வந்தது. அப்போது இருந்த விதிப்படி, குடில், சரளைப் பாதை, வண்டி நிறுத்துமிடம் எல்லாம் சேர்ந்து 25 சதுர மீட்டர் வாழிடத்துக்கு மேல் பாதிக்கப்பட்டால் சிறு அளவுக்கான விலக்கு கிடைக்காது. இதையும் பதில் மேலோட்டமாகவே தொட்டது.

அனுமதி கிடைத்த பிறகு 1960-ஆம் ஆண்டின் கேரவன் தளச் சட்டப்படி உரிமம் தனியாகத் தேவைப்படலாம் என்பதைப் பதிலில் எங்கும் காணவில்லை. அது வேறு துறையின் வேலை என்றார்கள். நியாயம்தான்; ஆனால் ஒரே கட்டடத்தில் அடுத்த அறையில் இருக்கும் துறையைச் சுட்டிக்காட்ட ஒரு வாக்கியம் போதும்.

பதில், அவர்கள் தருவதாகச் சொன்ன தேதிக்குப் பிந்தியே வந்தது. கட்டணம் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். எங்கள் கவுன்சில் அதை விண்ணப்பக் கட்டணத்தில் கழித்துக்கொள்வதில்லை. பயன்பாட்டு மாற்ற விண்ணப்பத்துக்கு 2025 ஏப்ரல் நிலவரப்படி 588 பவுண்ட் தனியாகக் கட்ட வேண்டியிருந்தது. அதற்கு முடிவு சொல்லும் காலம் வழக்கமாக 8 வாரம். ஆலோசனை கவுன்சிலைக் கட்டுப்படுத்தாது என்பதைப் பதிலின் அடியில் அச்சிட்டே தருகிறார்கள். விண்ணப்பம் வேறோர் அலுவலர் கைக்குப் போனால் அவர் வேறு முடிவுக்கும் வரலாம்.

தனியார் ஆலோசகர் விண்ணப்ப அறிக்கையையும் எழுதித் தருவார், செலவு கூடும். வடிகாலும் ஊட்டச்சத்தும் சிக்கலாக உள்ள நிலமென்றால் முதலில் அவரிடம் செல்வதே நல்லது என்பது என் கருத்து. காட்சியும் சாலையுமே கேள்வி என்றால் கவுன்சிலின் சேவை போதும். அப்படிப் பதிவு செய்பவர்கள், எழுத்துப் பதில் மட்டும் தரும் மலிவான வகையை விட்டுவிட்டு, அலுவலர் நேரில் வரும் வகையையே தேர்ந்தெடுக்கவும். குடிலின் அளவு, நிறம், உத்தேச இடம், வாசல், கழிவுநீர் செல்லும் வழி ஆகிய அனைத்தையும் வரைபடத்தில் குறித்து, கேள்விகளை எண்ணிட்டு முன்கூட்டியே அனுப்பிவிடவும்.