1,480 வெள்ளி போச்சு: 'பழைய யீசிங்' டீபாட் வாங்கப் போகிறவர்கள் முதலில் இதைப் படியுங்கள்

நேற்று மாலைதான் கடைசிப் பதில் வந்தது: "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." சீனாவின் யீசிங் ஊரில் செய்த பழைய டீபாட் என்று நம்பிக் கொடுத்தது 1,480 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). கையில் மிஞ்சியிருப்பது அச்சில் வார்த்து ஷூ பாலிஷ் தேய்த்த ஒரு செம்மண் டீபாட். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் பாதி விட்டுப்போகும்.

கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பழைய பொருள்களை லைவில் காட்டி விற்கும் செயலிகளில் ஒன்று. அதில் 'சேகரிப்பாளர் வீட்டுச் சரக்கு' என்று தினமும் இரவு 9 மணிக்கு வரும் ஒரு விற்பனையாளர். இதே வகையில் இன்னும் பலர் இருக்கிறார்கள், எல்லாரிடமும் ஒரே பேச்சுதான்.

சொல்லி விற்றது இது: யீசிங் முதலாம் எண் தொழிற்சாலையில் 1960களில் செய்த ஷுய்பிங் (மூக்கும் வாயும் கைப்பிடியும் ஒரே மட்டத்தில் இருக்கும் சின்ன டீபாட்), 120 மில்லி, ஜூனி மண் (சுடும்போது அதிகம் சுருங்கும் சிவப்பு யீசிங் மண்), அடியில் 'ஜொங்குவோ யீசிங்' (சீனா, யீசிங்) என்ற நான்கெழுத்து முத்திரை, சிங்கப்பூரில் ஒரு பழைய சீனத் தேயிலைக் கடையை மூடியபோது எடுத்தது. நடக்கக்கூடிய கதைதான். ஜியாங்சு மாநிலத்தில் தாய் ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது யீசிங். அங்கே 1950களில் கூட்டுறவாகத் தொடங்கி 1958இல் தொழிற்சாலையான அந்த இடத்திலிருந்து சின்ன ஷுய்பிங்குகள் ஹாங்காங்குக்கும் தென்கிழக்காசியாவுக்கும் ஏராளமாக வந்தன. அன்றைக்கு அவை அன்றாடப் புழக்கத்துக்கான மலிவுச் சரக்கு. அதனால் இங்கே ஒரு கடையின் மேல்தட்டில் நாலைந்து கிடந்தன என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

லைவில் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். மூடித் துளையை விரலால் அடைத்ததும் மூக்கில் ஓட்டம் நின்றது. மூடியை எடுத்துவிட்டுக் கண்ணாடி மேல் கவிழ்த்தபோது மூக்கு நுனி, வாய் விளிம்பு, கைப்பிடி மூன்றும் ஒரே மட்டத்தில் உட்கார்ந்தன. இரண்டும் நல்ல ஷுய்பிங்குக்கு இருக்க வேண்டியவைதான். ஆனால் அவை வேலைச் சுத்தத்தைத்தான் காட்டும், மண்ணையும் வயதையும் காட்டாது. ஒழுங்கான அச்சில் வார்த்த போலியும் இரண்டிலும் தேறிவிடும்.

இது தெரியாமல் இல்லை. விழவைத்தது அடுத்து வந்தது. மூடியைத் திருப்பி, உள் விளிம்பில் அரிசிமணி அளவு உடைசலை அவரே கேமராவுக்குக் கிட்டே பிடித்தார். "இதை மறைக்க மாட்டேன் அண்ணே. இது இருப்பதால்தான் 1,900 இல்லாமல் 1,480." குறையைத் தானாகக் காட்டுகிற ஆள் மற்றதில் ஏமாற்ற மாட்டான் என்று அந்த நொடியில் மனசு முடிவு கட்டிவிட்டது. 7 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்றும் எழுதியிருந்தது. உள்புறத்தை விளக்கடித்துக் காட்டச் சொன்னேன். "அடுத்த பொருளுக்கு ஆள் காத்திருக்கிறார்கள், படமாக அனுப்புகிறேன்" என்றார். ஆறு படம் வந்தது, ஆறும் வெளிப்புறம். பணம் கட்டியாகிவிட்டது.

பெட்டியைத் திறந்ததும் மெழுகு நாற்றம். செய்தி அனுப்பியதும் நிமிடத்தில் பதில்: "பழசு அப்படித்தான் இருக்கும். அரை மணி நேரம் கொதிக்க வையுங்கள், போய்விடும்." கொதிக்க வைத்தேன். இந்த ஒரு வரியை எல்லாரும் மனதில் வையுங்கள், பொறி இங்கேதான் இருந்தது.

தண்ணீர்மேல் பழுப்பாக எண்ணெய்ப் படலம் மிதந்தது. தேநீர் ஊறி ஏறும் மெருகு கொதிநீரில் கழன்று வராது, ஷூ பாலிஷ் வரும். பாலிஷ் போனதும் அடியில் செங்கல் நிறம், எங்கே பார்த்தாலும் ஒரே நிறம். அதன் பிறகுதான் விளக்கும் 10 மடங்கு பூதக்கண்ணாடியும் எடுத்தேன். வரிசை தலைகீழாகிவிட்டது.

யீசிங்கின் மரபு வேலையில் சக்கரத்தில் வனைவதில்லை. மண்ணைத் தகடாகத் தட்டி, நீளப் பட்டையை வளைத்து உருளையாக்கி, மரத் தட்டையால் தட்டித் தட்டியே வயிற்றை உருட்டுவார்கள். அடிக்கும் மேலுக்கும் தனித்தனி வட்டத் தகடு. பாதிக் கைவேலை என்றால் அந்த உருளையைப் பிளாஸ்டர் அச்சுக்குள் வைத்து உள்ளிருந்து அழுத்துவார்கள். எப்படிச் செய்தாலும் பட்டையின் இரு முனையும் சேரும் இடம் ஒன்று உண்டு, பெரும்பாலும் கைப்பிடிக்கு நேர் உள்ளே. அங்கே ஒரு செங்குத்துக் கோடோ, அதைத் தேய்த்து அழித்த தடமோ தெரியும். சுவரும் அடியும் சேரும் மூலையிலும் தேய்ப்புத் தடம் இருக்கும். வார்ப்பு வேலை வேறு. மண்ணைச் சோடியம் சிலிக்கேட் சேர்த்துக் கூழாக்கி அச்சில் ஊற்றுவார்கள். பிளாஸ்டர் நீரை உறிஞ்சிச் சுவர் படிந்ததும் மிச்சக் கூழைக் கொட்டிவிடுவார்கள். அதனால் உள்ளே கோடோ தடமோ இருக்காது, வெளி வளைவே உள்ளேயும் வழவழவென்று ஓடும். கைப்பிடியையும் சேர்த்தே வார்த்திருந்தால் அதற்குள்ளும் கூழ் புகுந்து வடிந்திருக்கும். கைப்பிடி சேரும் இடத்தில் உள்ளே குழி விழும். எனக்கு வந்ததில் மேலும் கீழுமாக இரண்டு குழி, பல்குச்சி நுழைகிறது.

அடுத்து மூக்கின் உள்வாய். பந்து மாதிரிக் குவிந்த சல்லடை! 1960களின் ஷுய்பிங்கில் வழக்கமாக ஒற்றைத் துளைதான் இருக்கும். இந்தப் பந்துச் சல்லடை ஜப்பானியர்கள் கேட்டதால் 1970களில் வந்தது. லைவில் ஒரு தடவை உள்ளே விளக்கடித்திருந்தால் மூன்று விநாடியில் விஷயம் முடிந்திருக்கும். அதனால்தான் அடிக்கவில்லை.

பூதக்கண்ணாடியில் நல்ல ஸிஷா மண், அதாவது யீசிங் டீபாட் செய்யும் மண், ஒரே சீராகத் தெரியாது. மஞ்சளும் கருஞ்சிவப்புமாகப் பருக்கைகள், அங்கங்கே மைக்கா மினுக்கம். இதில் எதுவும் இல்லை, பெயின்ட் அடித்த மாதிரி இருக்கிறது. சாதாரண மண்ணில் இரும்பு ஆக்ஸைடு போட்டால் இந்தச் சிவப்பு வந்துவிடும். மாங்கனீஸ், கோபால்ட், குரோமியம் போட்டு மற்ற நிறங்களையும் எடுக்கிறார்கள். 2010 மே மாதம் சீன மத்தியத் தொலைக்காட்சி இந்தக் கலப்படத்தை வெளியே கொண்டுவந்தது, வேலை இன்னும் நிற்கவில்லை. ஜூனி என்று சொன்னதும் பொய். உண்மையான ஜூனி காய்ந்து சுட்டு முடிவதற்குள் 20 விழுக்காடு, சில சமயம் அதற்கும் மேல் சுருங்கும். மூக்கடியிலும் கைப்பிடியடியிலும் வழக்கமாக மெல்லிய சுருக்கக் கோடுகளாவது இருக்கும். இங்கே ஒன்றுகூட இல்லை.

முத்திரையைப் பார்த்து நம்பாதீர்கள். ஈரமண்ணில் அழுத்திய முத்திரைக்கு எழுத்து விளிம்பு கூர்மையாக இருக்கும், மண் ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கும். இதில் எழுத்தெல்லாம் மழுங்கிக் கிடக்கிறது, ஏனென்றால் அசல் டீபாட்டின் மேல் எடுத்த அச்சிலேயே எழுத்தும் வந்துவிட்டது. அப்படி எடுத்தது சூளையில் மறுபடி சுருங்கும், ஆகவே முத்திரையும் அசலைவிடச் சிறியது. 120 மில்லி என்று சொன்னது விளிம்புவரை நிரப்பினால் 98 மில்லி. 'மெங்சென்' முத்திரைக்கும் இதே எச்சரிக்கைதான். ஹுய் மெங்சென் சீனாவின் மிங் அரச வம்சக் காலக் கடைசியில் இருந்த கைவினைஞர். அவர் பெயரை அதற்குப் பிறகு நூற்றாண்டுக் கணக்கில் சின்ன டீபாட்டுகளின் அடியில் குத்தியிருக்கிறார்கள். அதைக் கையொப்பமாக எண்ணிக் காசு கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் படமெடுத்து அனுப்பினேன். முதல் பதில்: "ஒவ்வொரு சூளையும் ஒவ்வொரு மாதிரி." இரண்டாவது: "என் ஆசிரியரிடம் கேட்டுச் சொல்கிறேன்." மூன்று நாள் ஆசிரியர் வாய் திறக்கவில்லை. நான்காவது நாள்: "நீங்கள் கொதிக்க வைத்துவிட்டீர்கள், பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை." கொதிக்க வைக்கச் சொன்னதே அவர்தான்! அந்தச் செய்தியைப் படமெடுத்துச் செயலியின் உதவிப் பிரிவுக்கு அனுப்பினேன். அவர்கள் சொன்னது: "பொருள் டீபாட் என்று விவரிக்கப்பட்டுள்ளது, டீபாட் வந்து சேர்ந்துள்ளது." பிறகு நிபுணர் சான்றிதழ் கேட்டார்கள். எந்த நிபுணர், எந்த அமைப்பு என்று திருப்பிக் கேட்டேன், பதில் இல்லை. 7 நாள் கழிந்ததும், காலக்கெடு முடிந்தது என்றார்கள். 1,480 வெள்ளிக்கு ஆறுதலாக 20 வெள்ளி கூப்பன். விற்றவர் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

நண்பர் ஒருவரின் கணக்கிலிருந்து நேற்றிரவு லைவைப் பார்த்தேன். இன்னொரு ஷுய்பிங். மூடியின் அதே இடத்தில் அதே அரிசிமணி உடைசல். "இதை மறைக்க மாட்டேன்." விலை அதே 1,480.

ஒவ்வொரு சோதனையையும் வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

உள்புறப் படம் வராமல் காசு கட்டாதீர்கள். கைப்பிடிக்கு நேர் உள்ளே, மூக்கின் உள்வாய், அடிமூலை, இந்த மூன்றும் விளக்கு வெளிச்சத்தில் வேண்டும்.

பெட்டி திறப்பதை ஒரே வீடியோவாக எடுங்கள். முகர்ந்து, வெள்ளைத் துணியால் உலர்வாகத் துடைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்து முடிக்கும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. விற்றவரே சொன்னாலும் கொதிக்க வைக்காதீர்கள்.

தட்டிப் பார்க்கும் ஓசை, மேலே தண்ணீர் உருளும் விதம், இவற்றை வைத்து யாராவது மண்ணை நிரூபித்தால் லைவை மூடிவிடுங்கள்.

'1960கள்', 'ஸிஷா', 'வார்ப்பு இல்லை' என்ற மூன்றையும் பொருள் விவரத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வெறும் 'டீபாட்' என்று போட்டிருந்தால், எனக்கு வந்த பதில்தான் உங்களுக்கும் வரும்.