சொட்டு நின்றுவிட்டதே என்று நம்பிப் பணம் கொடுத்தேன்

தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் அப்பாவின் மாசி பெர்குசன் 1035 டிராக்டர் ஆறு வருடமாகச் சும்மா கிடந்தது. 1989-ல் வாங்கிய வண்டி. ஆடிப்பட்டத்துக்குள் உழவுக்கு இறக்கிவிட வேண்டும் என்று வைகாசியில் வேலையை ஆரம்பித்தேன். பேட்டரி மாற்றி, டீசல் லைனில் ஏர் எடுத்துவிட்டதும் மூன்றாவது செல்ஃபிலேயே பிடித்துக்கொண்டது. இன்ஜினில் குறை இல்லை. குறை எல்லாம் தண்ணீர்ப் பக்கம்தான்.

ரேடியேட்டரின் ஒரு மூலையில் பச்சை பூத்திருந்தது, செம்பு அரித்தால் வருகிற பச்சை. மேல் ஹோஸ் வெடித்திருந்தது. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் காய்ந்து கல்லாகியிருந்தது. வாட்டர் பம்புக்கு அடியில் நிமிடத்துக்கு நாலைந்து சொட்டு. எங்கள் போர் தண்ணீர் உப்பு, குடத்திலேயே வெள்ளையாகப் படியும். முப்பது வருடம் அதையே குடித்த வண்டி இது.

வேலைக்கு விட்ட பட்டறையின் பெயரை எழுதவில்லை. என்னிடம் பில் இல்லை, அதனால்தான். முப்பது வயது இருக்கும் அந்த மெக்கானிக்குக்கு. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, “ஏனுங்ணா, ரேடியேட்டரைக் கழட்டி அடைப்பு எடுத்து ஈயம் வெச்சரலாம். பம்பு மாத்தோணும். ஹெட் கேஸ்கெட்டும் போயிருக்கும் போலங்ணா. நாலு நாள் குடுங்க” என்றார். பேசி முடித்தது 18,500 ரூபாய்.

இன்ஜினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கிற தகடுதான் ஹெட் கேஸ்கெட். அது போனதற்கு என்ன அடையாளம் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். தண்ணீர் ஆயிலில் கலந்தால் ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காப்பி நிறத்தில் வரும். இல்லாவிட்டால் இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வரும். எங்கள் வண்டியில் இரண்டுமே இல்லை. தலையாட்டிவிட்டு சாவியைக் கொடுத்து வந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் போனால் வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. ரேடியேட்டர் முழுக்கக் கறுப்பு பெயின்ட். பம்பும் பளபளவென்று. அரை மணி நேரம் சுமை இல்லாமல் ஐடிலில் ஓடவிட்டுக் குனிந்து பார்த்தேன். “பாருங்ணா, ஒரு சொட்டு இல்லை.” உண்மைதான், ஒரு சொட்டு இல்லை. ரொக்கமாகக் கொடுத்தால் ஐந்நூறு குறைத்துக்கொள்வதாகச் சொன்னதும் அதற்கும் மயங்கினேன். கிழித்த டைரித் தாளில் ‘மாசி வேலை 18,000’ என்று எழுதிக் கொடுத்தார். பில் என்று சொன்னால் அதுதான் பில்.

டிரெய்லரில் எரு அடித்தவரை ஒன்றும் தெரியவில்லை. ஒன்பது கொழுக் கலப்பையை மாட்டி உழவுக்கு இறக்கிய அன்று நாற்பது நிமிடத்தில் சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போய்விட்டது. போன் செய்தேன். “புதுசா வேலை பாத்த வண்டிங்ணா, ரெண்டு நாள் ஓடுனா செட் ஆயிரும்.” நானும் அரை மணிக்கு ஒருதரம் நிறுத்தி ஆறவிட்டு ஓட்டினேன். மூன்றாம் நாள் முன்னால் ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம். கல்லை விட்டெறிந்த மாதிரி ஓர் அடி. பானெட்டைச் சுற்றி ஆவி. ஃபேன் சாய்ந்து ரேடியேட்டரை அறுத்துவிட்டிருந்தது.

உடுமலையில் ஒரு பெரியவர் பழைய வண்டிகளுக்கு மட்டும் வேலை பார்க்கிறார். அவரிடம் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனேன். பம்பைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, அடியில் ஓர் இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் தட்டினார். “தம்பி, இங்க ஒரு ஓட்டை இருக்கோணும். எங்கே காணோம்?” பெயின்ட்டைச் சுரண்டியதும் எம்சீல் தெரிந்தது. நெம்பி எடுத்ததும் டீ டிகாஷன் மாதிரித் துருத் தண்ணீர் கிரீஸோடு சேர்ந்து அவர் உள்ளங்கையில் வழிந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், எனக்கே அன்றுதான் தெரிந்தது. பம்பில் ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் பேரிங், நடுவில் சீல். சீல் தேய்ந்தால் கசிகிற தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் வெளியே விழுவதற்காகவே கம்பெனியில் அந்த ஓட்டையை விட்டிருக்கிறார்கள். சொட்டு வந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். ஓட்டையை அடைத்தால் சொட்டு நிற்கும், தண்ணீர் பேரிங்குக்குள் இறங்கும். கிரீஸ் கரையும், பேரிங் ஆடும். இந்த இன்ஜினில் ஃபேன் பம்பு தண்டிலேயே உட்கார்ந்திருப்பதால் அதுவும் ஆடி, விரலளவு தூரத்தில் இருக்கிற ரேடியேட்டரில் போய் இடிக்கும். ஆக, புதுப் பம்பு என்று காசு வாங்கிய இடத்தில் பத்து ரூபாய்க்கு எம்சீலும் ஒரு கை பெயின்ட்டும்.

ரேடியேட்டர் கதை இதைவிட மோசம். அப்பா கூட வந்திருந்தார். கழற்றி வைத்த ரேடியேட்டரின் கீழ்த்தொட்டியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது நம்ம ரேடியேட்டர் இல்லை கண்ணு” என்றார். 2004-ல் கல் பட்டுப் பிளந்த இடத்தில் வைத்த ஈயம், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கட்டியாக நிற்கும். இதில் அந்த இடம் வழவழவென்று இருந்தது. பெரியவர் மேல்தொட்டியைப் பிரித்தார். ஒழுகிய குழாய்களை மாற்றாமல் வாயிலேயே ஈயம் ஊற்றி அடைத்திருந்தார்கள். எண்ணினேன், 37 குழாய். அவ்வளவு குழாயில் தண்ணீரே ஓடவில்லை. மேலே பூசிய தடிமனான பெயின்ட் வேறு தகடுகளுக்கு நடுவே காற்றை மறித்துச் சூட்டைக் கம்பளி மாதிரிப் பொத்தி வைத்திருக்கிறது. எங்கள் ரேடியேட்டர் எங்கே போயிருக்கும்? காயலான் கடையில் செம்பு என்ன விலை போகிறது என்று விசாரித்தால் பதில் தெரிந்துவிடும்.

தெர்மோஸ்டாட்டும் இல்லை. ‘நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்லை’ என்று கழற்றி வீசுவது பல பட்டறைகளில் பழக்கம். அது இன்ஜின் தண்ணீர் 80 டிகிரிக்கு மேல் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கிற வால்வு. அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடேறவே நேரமாகும், டீசல் சரியாக எரியாது, ஆயில் கெடும். ஹெட்டைப் பொறுத்தவரை பெரியவர் டார்ச் அடித்துக் காட்டினார். நட்டுகளைச் சுற்றிப் பல வருட எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் இறுகிப்போய், ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. இறக்காத ஹெட்டுக்கும் காசு கொடுத்திருக்கிறேன்.

திரும்பப் போய்க் கேட்டேன். “உங்க ரேடியேட்டர்தானுங்ணா, பெயின்ட் அடிச்சதுல அப்படித் தெரியுது” என்று சிரித்தபடியே சொன்னார். நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம்கூடக் கிடையாது. ஆனால் டைரித் தாளையும் அப்பாவின் விரல் ஞாபகத்தையும் வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது?

பழைய வண்டி எடுக்கிறவர்கள் ரேடியேட்டரைக் கழற்றும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், தொட்டியில் ஆணியால் ஓர் அடையாளம் கீறுங்கள். மேல்தொட்டியைப் பிரிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், டீ வாங்க அனுப்பினாலும் போகாதீர்கள். மாற்றிய சாமான் எதுவாக இருந்தாலும் பழையதைக் கேட்டு வாங்குங்கள். புதிதாக அடித்த கறுப்பு பெயின்ட்டைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். ஐடிலில் ஓட்டிக் காட்டினால் போதாது. கலப்பையை மாட்டி ஒரு மணி நேரம் உழுத பிறகு முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் பாக்கியைக் கொடுங்கள். மூடியையும் விட்டுவிடாதீர்கள். உள்ளே அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. கூடினால் தண்ணீரின் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி ஏறும், ரப்பர் செத்த மூடியில் அந்த அழுத்தமே நிற்காது.

ஆடிப்பட்டத்துக்கு வாடகை டிராக்டர் வைத்துத்தான் சோளம் விதைத்தோம். புது ரேடியேட்டர், புதுப் பம்பு, தெர்மோஸ்டாட், மூடி எல்லாம் போட்டு உடுமலையிலிருந்து வண்டி ஆவணியில் வீடு வந்தது. பெரியவர் நான் கேட்காமலேயே பழைய சாமான்களை ஒரு சாக்கில் கட்டிக் கொடுத்திருந்தார். இப்போது உப்புத் தண்ணீர் கிடையாது, கூலன்ட்தான். பம்பு ஓட்டையில் ஓரிரு நாளைக்கு ஒருமுறை ஒரு சொட்டு எட்டிப் பார்க்கிறது. புது சீல் பதிகிறவரை அப்படி வரும் என்றார். அடைக்காமல் விட்டிருக்கிறேன்.