வாரண்டி போன் சார்ஜ் ஏறலையா? சர்வீஸ் சென்டர், வாங்கிய கடை, தெருமுனைக் கடை: கடலூர்க்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

எங்கே கொண்டுபோவது என்பதற்கு முன் ஒரு சோதனை. வேறு சார்ஜர், வேறு கேபிள் மாற்றிப் பாருங்கள். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் சார்ஜிங் போர்ட்டில் (கேபிள் செருகும் துளை) அடைந்த பஞ்சை மெதுவாக எடுங்கள். பலருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும்.

முடியாவிட்டால், தெருமுனைக் கடைதான் வேகம். பல ஆண்ட்ராய்டு போன்களில் சார்ஜிங் போர்ட் தனி சப்-போர்டில் (மெயின் போர்டிலிருந்து பிரிந்த சின்னப் பலகை) இருப்பதால் மாற்றுவதும் சுலபம். ஆனால் பின்பக்கத்தைச் சூடேற்றித் திறந்த தடம் அப்படியே நிற்கும். நாளை டிஸ்ப்ளேவில் கோடு விழுந்தால், "ஏற்கெனவே திறந்திருக்கு சார்" என்று சர்வீஸ் சென்டரில் கைவிரித்துவிடுவார்கள். வாரண்டி தீரும்வரை இந்தப் பக்கம் போகாதீர்கள்.

வாங்கிய கடையில் கொடுத்தால் அலைச்சல் மிச்சம். ஆனால் அவர்கள் அதை சர்வீஸ் சென்டருக்கு அனுப்பும்போது போன் எங்கே நிற்கிறது என்று தெரியாது. புதுக் கீறல் விழுந்தால் யார் பொறுப்பு என்ற சண்டையும் வரும். வாங்கி ஓரிரு நாள்தான் ஆகிறது, பில்லில் மாற்றித் தரும் கெடு இருக்கிறது என்றால் மட்டும் கடை.

மற்றபடி நேரே சர்வீஸ் சென்டர். உங்கள் பிராண்டுக்குக் கடலூரில் இல்லையென்றால் பஸ் ஏறிப் பாண்டிக்கே போய்விடலாம். பாண்டியில் வாங்கிய போனுக்குக் கடலூரில் வாரண்டி செல்லாது என்பதெல்லாம் சும்மா பேச்சு. இந்திய பில் போதும்.

அங்கே முதலில் சிம் ட்ரேயை இழுத்து டார்ச் அடிப்பார்கள். உள்ளே வெள்ளைப் புள்ளி சிவந்திருந்தால் தண்ணீர் பட்டது என்று கணக்கு. கடலோர உப்புக்காற்றில் போர்ட் பின்கள் பச்சை பிடித்திருந்தாலும் மறுப்பார்கள். அதனால் கொடுக்கும் முன் இரண்டையும் வேறு போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

போனை வாங்கிக்கொண்டு தரும் ஜாப் ஷீட்டில் "சார்ஜிங் பிரச்சினை" என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். "சின்னம் வருகிறது, சதவீதம் ஏறவில்லை, 2 கேபிளில் சோதித்தது" என்று எழுதச் சொல்லுங்கள். ஐஎம்இஐ எண்ணும் (போனின் தனி அடையாள எண்) தேதியும் இருக்க வேண்டும். சிம், மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு, முடிந்தால் பேக்கப் எடுத்துவிட்டுக் கொடுங்கள். மதர்போர்டு மாறினால் உள்ளிருப்பது எல்லாம் போய்விடும். ஐஎம்இஐ மாறியிருந்தால் புது எண்ணை எழுதி வாங்குங்கள்.

வாரண்டி மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாளோடு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 2019 சட்டப்படி, பாண்டியில் வாங்கியிருந்தாலும் கடலூரில் குடியிருப்பவர் கடலூரிலேயே வழக்குப் போடலாம். வாங்கிய விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது.