கம்மா வலைக்கு எந்தக் கலரு: வெள்ளையா, பச்சையா, ஆரஞ்சா?

மொதல்லயே சொல்லிடுறேன், நான் இப்ப ஆரஞ்சுக் கட்சி. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வரைக்கும் பச்சைக் கட்சி, அதுக்கும் முன்னாடி வீட்டுல கெடந்த வெள்ளை நரம்பு வலைதான், தூண்டில் நரம்பு மாதிரி கண்ணாடியா இருக்குற ஒத்தை இழையில முடிஞ்சது. மூணையும் வீசி, மூணையும் முள்ளுல கிழிச்சு, மூணையும் உக்காந்து பொத்துனவன்ங்குற தகுதியில எழுதுறேன், மத்தபடி மீன் விசயத்துல பெரிய மேதாவியெல்லாம் கெடையாது. எங்க ஊரு கல்லல் பக்கம். ஐப்பசி கார்த்திகை மழை ஒழுங்காப் பேஞ்சா கம்மா நெறையும், பங்குனி சித்திரையில அடிமண்ணு தெரியும், நடுவுல கெடைக்கிற நாலஞ்சு மாசம்தான் நமக்கு வலை வேலை. நான் சொல்றது பூராவும் வீச்சு வலைக்கு, கட்டிப்போட்டு எடுக்குற வலை வேற கதை, அது கடைசில வருது.

விலைய வச்சு முடிவு பண்ணாதீங்க. ஒரே நூல் தடிமன், ஒரே ரெண்டு விரல் கண்ணி, ஒரே ஈயம்னா கலருக்காக பெருசா ஏறி எறங்காது. கைக்கு எந்த எடை தோதோ அத எடுத்துக்கங்க, அவ்வளவுதான். கொசுவலைத் துணிய வலைன்னு தூக்கிட்டு வர்றவங்களுக்கு மட்டும் ஒண்ணு, அதுல நூலு நூலா இருக்குற குஞ்சும் சேந்து ஏறிரும், அடுத்த வருசம் கம்மாயில தவளைதான் கத்தும்.

சரி, எல்லாரும் கேக்குற கேள்வி, மீனுக்குக் கலர் தெரியாதா? தெரியும். கெண்டை சாதிக்கு நல்லாவே தெரியும், செவப்பு பச்சை நீலம்னு பிரிச்சுப் பாக்கும், நம்ம கண்ணுக்கு எட்டாத புற ஊதாவையும் பாக்குற கண்ணு அது. ஆனா பாக்குறதுக்கு தண்ணி வழிவிடணும்ல. எங்க பக்கம் செம்மண்ணு, மழைக்குப் பெறகு ரெண்டு மாசம் கம்மாத் தண்ணி டீ மாதிரிதான் இருக்கும், முழங்கை வரைக்கும் உள்ள விட்டா விரலு தெரியாது. அதுல மேல இருந்து படக்குன்னு விழுகுற வலையோட கலர மீன் பாத்து ரசிச்சுட்டு ஓடுறதுக்கு நேரமே கெடையாது. அது ஓடுறது நிழலுக்கும் ஈயம் தொப்புன்னு விழுகுற அதிர்ச்சிக்கும்தான், மீனுக்கு ஒடம்புப் பக்கவாட்டுல ஒரு கோடு ஓடும் பாருங்க, தண்ணி அசையிறத உணர்றது அதுலதான். அதனால கலர விட கரையில தடதடன்னு நடக்காம இருக்குறது முக்கியம். இதுல பாதிப்பேரு போன்ல பேசிக்கிட்டே வலை வீசுறாங்க.

எங்க ஐயா காலத்துப் பருத்தி நூல் வலை ஒண்ணு கட்டுத்தறிப் பரண்ல ரொம்ப நாள் தொங்குச்சு, காப்பிக் கலருல இருக்கும். மீன ஏமாத்தத்தான் அந்தக் கலருன்னு சின்ன வயசுல நெனச்சுக்கிட்டு இருந்தேன். பெறகுதான் தெரிஞ்சுச்சு, பனிச்சங்காய் சாறுல ஊறப்போட்டது, தொவர்ப்பு ஏறுனா பருத்தி சீக்கிரம் மக்காது, அதுக்காக. நூலக் காப்பாத்தப் போன எடத்துல வந்த கலரு, மீனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நைலான் வந்தப்புறம் மக்குற கவலை போச்சு, மக்காததே ஒரு கவலையாப் போச்சு, அத பின்னாடி சொல்றேன்.

ஆரஞ்சுக்கு நான் மாறுனது ஒரு முயல் கதையால. எங்க அயித்தை மகன் இங்கிலாந்துல இருக்கான். அங்க கிராமப் பக்கம் முயல் பிடிக்கிறவங்கள பாத்துட்டு வந்து போன்ல சொன்னான். நம்ம ஊரு முயல் பொந்து தோண்டாது, பொதருக்குள்ள படுத்துக் கெடக்கும், அதப் பிடிக்கிறதும் 1972 வனவிலங்குச் சட்டத்துல குத்தம், அதனால யாரும் இங்க முயற்சி பண்ண வேண்டாம். அங்க உள்ளது பொந்து முயல், ஒரே மேட்டுல நெறைய ஓட்டை இருக்கும். ஒவ்வொரு ஓட்டை வாயிலயும் சுருக்குப்பை மாதிரி ஒரு சின்ன வலைய விரிச்சு முளை அடிச்சு வச்சுட்டு, ஃபெரட்னு கீரிப்புள்ள சாடையில ஒரு வளர்ப்புப் பிராணி, அத உள்ள விடுவாங்களாம். அதுக்குப் பயந்து முயல் வெளிய பாஞ்சதும் சுருக்கு விழுந்துரும். "அயித்தான், நான் எல்லாரும் பச்சை வலைதான் வச்சிருப்பாங்கன்னு நெனச்சேன், ஒருத்தர் பளிச்சுன்னு ஆரஞ்சு வலையா வச்சிருக்காரு, கேட்டா முயலுக்காக இல்லப்பா எனக்காகன்னு சொல்றாரு"ன்னான். சாயங்காலம் இருட்டுறப்ப புல்லுக்குள்ள ஒரு வலைய மறந்து விட்டுட்டா பொறவு வர்ற முயலோ நாயோ அதுல சிக்கிக் கெடந்து சாகும், அதான் காரணம். முயலுக்கு நீலமும் பச்சையும் பாக்குற கண்ணுதான், ஆரஞ்சு அதுக்கு ஒரு மங்கல் நெறமாத்தான் தெரியும்ங்குறது அவருக்கு வசதியாப் போச்சு. கெண்டைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது, மேலயே சொன்னேன். ஆனா எனக்குத் தச்சது அந்த 'எனக்காக'ங்குற வார்த்தை, ஏன்னா அதுக்கு முந்துன சீசன்லதான் நான் ஒரு தப்பு பண்ணிட்டு மனசு கெடந்து அடிச்சுக்கிட்டு இருந்தேன்.

அது பச்சை வலை. கம்மாக்குள்ள சீமைக்கருவேல் வெட்டுன அடித்தூரு நெறைய கெடக்கு, தண்ணிக்கு மேல தெரியாது. வீசுன வலை அதுல மாட்டி, இழுத்தா வரல, எறங்கிப் பாத்தா கழுத்தளவு, இருட்டு வேற கட்டிருச்சு, கோவத்துல ஒரே இழு. முக்கால்வாசி வந்துச்சு, ஒரு பாயளவுத் துண்டு உள்ள நின்னுருச்சு. மறுநாள் காலையில போய்த் தேடுறேன் தேடுறேன், பாசியும் கோரையும் அல்லி இலையுமா கெடக்குற எடத்துல பச்சை வலைய எங்க போய்த் தேடுறது, காலு பட்டாத்தான் உண்டு. விட்டுட்டேன். மாசியில தண்ணி வத்துனப்ப அந்தத் தூருல ஒரு நீர்க்காக்கா சிக்கி, எறகு விரிஞ்ச மேனிக்கு காஞ்சு கெடந்துச்சு. எங்க சிவகங்கை மாவட்டத்துல, திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடியில பறவைக வந்து தங்குதுன்னு கொள்ளுகுடிப்பட்டி சனம் தீவாளிக்கு வெடியே போடாம இருக்கு, அதே மாவட்டத்துல நான் நைலான் துண்ட கம்மாயில விட்டுட்டு வீட்டுல வந்து மீன் கொழம்பு சாப்பிட்டுருக்கேன். பருத்தி வலையா இருந்தா கொஞ்ச நாள்ல இத்துப் போயிருக்கும், நைலான் வருசக்கணக்கா அப்படியே நின்னு பிடிச்சுக்கிட்டே இருக்கும்.

அதனால எனக்கு முடிவுக் காரணம் இது ஒண்ணுதான், வலைய திரும்ப முழுசா எடுத்துட்டு வர முடியுதா, கிழிசல் கண்ணுல படுதா. மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.

தொண்டிக்கு ஒரு வேலையாப் போனப்ப ஆரஞ்சு நைலான் நூல் வாங்கிட்டு வந்து சித்தப்புகிட்ட குடுத்தேன், எங்க தெருவுல கையால வலை முடியிறது இப்ப அவரு ஒருத்தர்தான். நூலப் பாத்துட்டு, "என்னடா அப்பு, வலை முடியச் சொல்றியா, பழனிக்கு நடந்து போறதுக்குக் காவித் துண்டு நெய்யச் சொல்றியா?"ன்னாரு. முடிச்சுக் குடுத்தாரு, ஆனா மீனு சிரிக்கும்டான்னு சொல்லிட்டுத்தான் குடுத்தாரு.

மீன் சிரிக்கல. மார்கழியில ஒருநாள் மடைப் பக்கம் நின்னு வெள்ளையப் பத்து வீச்சு, ஆரஞ்சப் பத்து வீச்சு, மாத்தி மாத்தி வீசிப் பாத்தேன். வெள்ளையில ஏழு ஜிலேபி, ரெண்டு கெண்டை. ஆரஞ்சுல ஆறு ஜிலேபி, ஒரு கெண்டை, ஒரு குரவை. இத வச்சு ஒண்ணும் சாதிக்க முடியாது, என் வீச்சு ஒண்ணு வட்டமா விழும் அடுத்தது வாழைப்பழமா விழும், ஆனா ஆரஞ்சுன்னா மீனே விழுகாதுங்குறது பொய்யின்னு மட்டும் எனக்கு உறுதியாச்சு. விரால் விசயம் எனக்குத் தெரியாது, அது மேல வந்து காத்து குடிக்கிற மீன், கரையில நிக்கிறவனையே பாத்துரும், எனக்கு எந்தக் கலருலயும் வீச்சு வலையில ஒழுங்கா மாட்டுனதில்ல, அடியில்லாத கூடை மாதிரி இருக்குற ஊத்தாவுல அமுக்குனதுதான்.

இப்ப பொத்துற வேலைக்கு வர்றேன், இதத்தான் யாரும் வலை வாங்குறப்ப யோசிக்கிறதே இல்ல. சீசன்ல வாரத்துக்கு ஒருக்கா உக்காரணும். நரம்பு வலை கண்ணாடி மாதிரி, தண்ணிக்குள்ள இருக்குறப்ப அது நல்ல குணம், திண்ணையில விரிச்சா அதே குணம்தான் எமன். எங்க வீட்டு முகப்புல ஆத்தங்குடிக் கல்லு, பூவும் கட்டமுமா இருக்கும், அதுல நரம்பு வலைய விரிச்சா கண்ணி எது கல்லுல உள்ள கோடு எதுன்னு தெரியாது, வெரல விட்டுத் தடவித்தான் பொத்தலக் கண்டுபிடிக்கணும். போதாக்குறைக்கு நரம்புல போட்ட முடிச்சு வழுக்கும், ரெண்டாம் முடிச்சு போட்டு இறுக்கலைன்னா அடுத்த வீச்சுல அவுந்துரும். பச்சைக்கு நூல் முடிச்சு நல்லா நிக்கும், ஆனா பாசி ஒட்டிக் காஞ்சா பாசி எது நூல் எதுன்னு பிரிக்க முடியாது. ஆரஞ்சு எந்தத் தரையிலயும் தெரியும். விரிச்சதும் பொத்தல் நம்மளப் பாத்து முழிக்கும். முள்ளு, சுள்ளி, நத்தை ஓடு, எல்லாம் பளிச்சுன்னு தெரியிறதால உதறி எடுக்குறதும் சீக்கிரம். முன்னாடி ஒரு மணி நேரம் ஆன வேலை இப்ப அரை மணியில முடியுது, என் கண்ணுக்கு வயசும் நாப்பத்தாறு ஆகுது.

அழிகம்மா அன்னைக்கு, அதாவது தண்ணி வத்துறப்ப ஊரே சேந்து மீன் பிடிக்கிற அன்னைக்கு, இன்னொரு லாபம். வெள்ளைத் துண்ட வீசுனதும் ஊரே எறங்கும், ஊத்தா, கச்சா, கூடை, வலைன்னு ஆளுக்கு ஒண்ணு. பத்து நிமிசத்துல தண்ணி சேறாயிரும், அப்ப மீனுக்கு எந்தக் கலரும் ஒண்ணுதான். ஆனா ஒரே மாதிரி வெள்ளை வலை அம்பது கெடக்கும், ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும், கரையில காயப்போட்டா எது யாருதுன்னு ஒரு பஞ்சாயத்து. போன தடவை என் வலைய எவனும் தூக்கல, தூக்குனா அடுத்த ஊரு வரைக்கும் தெரியும்ல.

வெள்ளைக்கு ரெண்டு எடத்துல நான் மரியாதை குடுக்குறேன். ஒண்ணு, தை மாசம் தண்ணி தெளிஞ்சப்புறம் சாயங்காலம் கட்டிப்போட்டு விடிகாலையில எடுக்குற வலை. அது அசையாம நிக்கும், மீன் தானா வந்து முட்டணும், அங்க கண்ணுக்குத் தெரியாத நரம்புதான் ஜெயிக்கும், ஆரஞ்ச அதுக்கு நான் போட்டுப் பாக்கல, பாக்கப் போறதும் இல்ல. ஆனா ரெண்டு நுனியிலயும் பளிச்சுன்னு ஒரு துணியக் கட்டிட்டு வாங்க, காலையில தேடாம எடுத்துரலாம். இன்னொண்ணு, ராத்திரி டார்ச் வெளிச்சத்துல வெள்ளை நூல் வலை ஆரஞ்ச விட நல்லாத் தெரியுது. பச்சைக்கு நல்லதா ஒண்ணு சொல்லணும்னா அழுக்கு தெரியாது. குத்தகைக்காரருக்குத் தெரியாம வீசுறவங்களுக்கும் தோதுன்னு சொல்லுவாங்க, நமக்கு அது வேண்டாம்.

ஆரஞ்சுல கொறையும் இருக்கு, மறைக்க மாட்டேன். வெளுக்குது. ரெண்டு சீசன்லயே தோள்ல போடுற பக்கம் பழுத்த பப்பாளியில இருந்து செங்காய் மாம்பழத் தோலு கலருக்கு வந்துருச்சு. கலர் போனது பரவால்ல, வெயில் எந்தக் கலரு நைலானையும் தின்னும், இத்துப் போகும், அதனால வேலிமேல காயப்போடாம நெழல்ல தொங்கவிடுங்க. அஞ்சு வருசம் கழிச்சு இது எப்படி இருக்கும்னு இப்பவே என்னால சொல்ல முடியாது. ஆத்துலயோ கடல்லயோ நான் வீசுனதில்ல, அங்கயும் இதான்னு எடுத்துக்காதீங்க.

புது வலை வாங்க இப்ப காசில்லைன்னா இருக்குற வலையில ஈயம் கோக்குற அடிக்கயிற மட்டும் ஆரஞ்சா மாத்துங்க, பாதிப் பலன் கெடைச்சுரும், தூருல மாட்டுறது பெரும்பாலும் அந்த ஓரம்தான். சித்தப்பு இன்னமும் வெள்ளைதான் வீசுறாரு. ஆனா இப்பல்லாம் அதுல விழுகுற பொத்தலுக்கு என்கிட்ட மிச்சம் கெடந்த ஆரஞ்சு நூலத்தான் கேட்டு வாங்கிட்டுப் போறாரு, ஏன் சித்தப்புன்னு கேட்டா நூலு சும்மாதானடா கெடக்குங்குறாரு.