டாட்டிங் டாய்லியில் நூல் சேர்ப்பது: முடிச்சா, ஊசியா, கண்ணிநூலா?

மார்த்தாண்டத்தில் வாங்கிய சிவப்பு, பச்சை, மஞ்சள் நூல்களில் டாட்டிங் டாய்லி ஒன்று போட்டுக்கொண்டிருந்தேன். டாட்டிங் என்பது ஷட்டில் என்ற சின்ன நூல்சுற்றியை வைத்து முடிச்சு முடிச்சாகப் போட்டு வளையங்களாக்கும் லேஸ் வேலை; டாய்லி என்பது மேசையில் விரிக்கும் சிறு அலங்கார விரிப்பு. ஐந்தாம் சுற்றில் சிவப்பு தீர்ந்துபோனது. புது நூல் உருண்டையை முடிச்சுப் போட்டுச் சேர்த்து வேலையைத் தொடர்ந்தால், வளையம் பாதி மூடியதும் நின்றுவிட்டது. இழுத்த இழுப்பில் நூல்தான் அறுந்தது.

காரணம் எளிது. டாட்டிங் வளையத்தில் முடிச்சுகள் எல்லாம் உள்ளே ஓடும் ஒரு நூலின்மேல் மணி கோத்ததுபோல் உட்கார்ந்திருக்கும். அந்த உள்நூல் வழுக்கி ஓடினால்தான் வளையம் மூடும். அதில் ஒரு புடைப்பு இருந்தால் ஓடாது. ஆகவே எந்த முறையில் சேர்த்தாலும், வளையம் தொடங்கும் அடிப்புள்ளியில்தான் சேர்க்க வேண்டும், நடுவில் கூடாது. இது பிடிபட்டபின் முறைகளை ஒப்பிடுவது சுலபம்.

முதலில் இரண்டு நூலை முடிச்சுப் போட்டுச் சேர்ப்பது. களியக்காவிளை தாண்டி, பாறசாலை, நெய்யாற்றின்கரை கடந்தால் கைத்தறி ஊரான பாலராமபுரம். அங்கே தறியில் அறுந்த இழையைச் சேர்க்க ஒரு முடிச்சு போடுவார்கள். சிறியது, தட்டையானது, கண்மூடித் திறப்பதற்குள் விழுந்துவிடும். அதே நெசவு முடிச்சை டாட்டிங்கிலும் போடலாம். ஆனால் நாம் வாங்கும் பளபளப்பான மெர்சரைஸ்ட் பருத்தி வழுக்கும். ஒட்ட வெட்டினால் இரண்டு துவைப்பில் அவிழ்ந்துவிடலாம். 20ஆம் எண் நூலில் புடைப்பு வெளியே தெரியும், 80இல் தெரியாது (எண் கூடக்கூட நூல் மெலியும்). ஒரே நிறம், மெல்லிய நூல், அவசரம் என்றால் மட்டும் நான் இதைத் தொடுவேன்.

ஊசியால் வாலை, அதாவது நூலின் மிச்ச நுனியை, முடிச்சுகளுக்குள் செருகுவது என் சித்தியின் முறை. நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் அம்மையார் 1820களில் தொடங்கிவைத்த லேஸ் வேலை இந்தப் பக்கத்துப் பல வீடுகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சித்தி பின்னுவது தலையணையில் குச்சி வைத்துப் பின்னும் லேஸ். வால் விஷயத்தில் மட்டும் என் வேலையிலும் தலையிடுவாள். "இழுத்துப் பாரு மக்களே, வருதான்னு" என்பாள். நான்கு அங்குல வால் விட்டு, ஆறேழு முடிச்சுக்குள் செலுத்தி, ஒரு முடிச்சு தாண்டித் திரும்பி வந்தால் எத்தனை இழுத்தாலும் வராது. உறுதியில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மூன்று நிறத்தில் ஏழு சுற்று போட்டவருக்குத் தெரியும், கடைசியில் டாய்லி பூரானைப்போல் வால்களோடு கிடக்கும். இறுக்கமாகப் போட்ட 80ஆம் எண் வேலையில் ஊசி நுழைவதே பெரும்பாடு.

தொடக்க வாலை முதல் நான்கைந்து முடிச்சுக்குள் உள்நூலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே போடுவது வேறு வழி. வாலை மறைக்கத் தனி வேலையே கிடையாது. உள்ளே இரண்டு இழை இருப்பதால் அந்த இடம் கொஞ்சம் தடிக்கும், வளையமும் முரண்டு பிடிக்கும். மெதுவாக மூட வேண்டும். முடிவு வாலுக்கு இது உதவாது.

அதற்குத்தான் கண்ணிநூல், என் செல்லப்பிள்ளை. வலுவான மெல்லிய தையல்நூலை இரண்டாக மடித்து, கடைசி நான்கைந்து முடிச்சுகளை அதன்மேலும் சேர்த்துப் போட வேண்டும். மடிப்புக் கண்ணி முடிவுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கட்டும். வளையத்தை மூடி, வாலைக் கண்ணியில் நுழைத்து, மறுபக்கத்து நுனிகளை இழுத்தால் வால் உள்ளே போய்விடும். வெளியே ஒன்றுமே தெரியாது. குறை ஒன்றுதான்: முன்கூட்டியே ஞாபகம் வேண்டும். எனக்குப் பாதி நேரம் கடைசி முடிச்சு போட்டபிறகுதான் ஞாபகம் வரும். அப்போது ஊசிதான் கதி. பசையும் நெயில் பாலிஷும் பற்றிப் பேச ஒன்றுமில்லை, அந்த இடம் விறைத்துவிடும்.

பல நிற டாய்லியில் முறையைவிட முக்கியம், வால் எங்கே ஒளிகிறது என்பது. வளையத்துக்கு ஷட்டிலில் சிவப்பு, வளையங்களை இணைக்கும் வில் போன்ற சங்கிலிக்கு உருண்டையில் பச்சை என்றால், சிவப்பு வால் சிவப்பு வளையத்துக்குள்ளும் பச்சை வால் பச்சைச் சங்கிலிக்குள்ளும்தான் போக வேண்டும். வெள்ளைக்குள் அடர்நிறத்தை ஒளித்தால் நிழலடிக்கும். சங்கிலியை முந்தைய சுற்றின் சிவப்பு பிக்காட்டில் (முடிச்சுகளுக்கிடையே விடும் சிறு நூல்கண்ணியில்) இணைக்கும்போதும் உருண்டை நூலால் இழுத்தால் பச்சைப் புள்ளி விழும். ஷட்டில் நூலால் இணைத்தால் விழாது.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் நிறம் மாறி மாறி வரும் ஷேடட் நூல் வாங்குகிறார்கள். வால் குறையும், உண்மைதான். ஆனால் எந்த வளையம் எந்த நிறம் என்பதை நூல்தான் முடிவுசெய்யும், பூவும் இலையும் ஒன்றாகக் குழம்பிவிடும். எனக்கு ஒத்துவரவில்லை.

இப்போது தொடக்கத்தை முடிச்சுகளுக்குள்ளேயே சேர்த்துவிடுகிறேன், முடிவுக்குக் கண்ணிநூல், மறந்தால் ஊசி. வால்களை உடனே ஒட்ட வெட்டுவதில்லை. துவைத்து, ஈரத்தோடு குண்டூசி குத்தி விரித்துக் காயவைத்து, சித்தி இழுத்துப் பார்த்த பிறகுதான் கத்தரி.