எங்கள் ஊர் அரசு மேல்நிலைப்பள்ளி: மகளைச் சேர்த்து ஐந்து வருஷத்துக்கு அப்புறம்

மகளை ஆறாம் வகுப்பில் இங்கே சேர்த்தபோது சொந்தக்காரர்கள் பாதிப் பேர் என்னிடம் பேசவே இல்லை. இப்போது அவள் பிளஸ் ஒன், போன மாதம்தான் பள்ளியில் கொடுத்த சைக்கிளை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் குறை. இரண்டு வருஷம் முன்பு கணக்கு ஆசிரியர் இடமாறுதலில் போய்விட்டார், நான்கு மாதம் அந்த இடத்துக்கு ஆளே வரவில்லை. பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீரும் மதியத்தோடு நின்றுவிடும், பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலே இருந்திருக்கிறார்கள், அதை நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது. ஆனால் இரண்டையும் சரிசெய்தது ஊர்தான். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், அந்த அம்மாக்கள் கூட்டத்துக்குக் கூட்டம் விடாமல் கேட்டுக் கேட்டே மோட்டாரும் தாழ்ப்பாளும் வந்தன. கணக்குக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகமே சம்பளம் கொடுத்து ஒரு பி.டி.ஏ. டீச்சரைப் போட்டது. 1998 செட் பழைய மாணவர்கள் இரண்டு வகுப்புக்கு பெஞ்சு வாங்கித் தந்தார்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் பள்ளியை விட்டுவிட்டு டூவீலர் பட்டறையில் சேர்ந்துவிட்டான். தலைமையாசிரியரும் குழுவில் இருக்கிற இரண்டு அம்மாக்களும் ராத்திரி எட்டு மணிக்கு அங்கே போனார்கள், நானும் கூடப் போனேன். கையெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தவன் தலையே நிமிரவில்லை. தலைமையாசிரியர் திட்டவில்லை, "நாளைக்கு அறிவியல் பரீட்சை, வந்துடுறியா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் வந்தான், இந்த வருஷம் பத்தாம் வகுப்பு பாஸ். தேர்ச்சி சதவீதம் எழுதிய பேனரைவிட எனக்கு இதுதான் பெரிய சாதனை.

சேர்ப்பதாக இருந்தால் ஆறாம் வகுப்பிலேயே சேர்த்துவிடுங்கள். மருத்துவப் படிப்புக்கு 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அடுத்த வருஷம் பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று விரிந்தது, அது கிடைக்க ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான், அதில் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் உண்டு. நடுவில் ஒரு வருஷம் தனியார் பள்ளிக்கு மாற்றி, இதை இழந்துவிட்டு அழுத குடும்பத்தை எனக்குத் தெரியும்.

சேர்த்ததோடு நிற்காமல் குழுக் கூட்டத்துக்கும் வாருங்கள். ஆய்வகத்துக்கு இன்னும் ஒரு உதவியாளர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம், கேட்க ஆள் போதவில்லை.